வேலி நகர்ந்தால் எந்த வழியில் போவது? பேச்சு, அளவை, சமரசம், வழக்கு: ஓர் ஒப்பீடு

பக்கத்து வீட்டுத் தம்பி பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி கட்டப்போகிறார் என்பது தெருவுக்கே தெரிந்த சேதி. போன தை மாதம் ஒரு காலையில் பூப்பறிக்கப் போன அம்மா, பாதிக் கூடையோடு திரும்பி வந்து, "வேலிக்கு இந்தப் பக்கம், நம் மண்ணில் நூல் கட்டியிருக்கிறது" என்றார். போய்ப் பார்த்தேன். செம்பருத்தி வேலியிலிருந்து 16 அங்குலம் உள்ளே தள்ளி, 40 அடி நீளத்துக்கு மஞ்சள் நூல். கணக்குப் போட்டால் 53 சதுர அடி. சதுர அடி பத்தாயிரம் ரூபாய் என்று வைத்தாலும் ஐந்து லட்சத்துக்கு மேல். அந்தக் கணக்கு எதுவும் அம்மாவின் காதில் ஏறவில்லை. அவர் வைத்து வளர்த்த பவழமல்லியின் அடிமரத்தை உரசிக்கொண்டு நூல் போனது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் அப்பா 1979இல் வாங்கிய மனை இது. இந்த ஊரில் எங்கும் காணும் 30க்கு 40. பக்கத்து வீடும் தமிழ்க் குடும்பம்தான். தம்பியின் தாயாரை நான் பெரியம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தவள். அதனால் எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போக மனம் வரவில்லை. வழக்கறிஞர், நில அளவையர், சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று நான்கு மாதம் அலைந்து ஒவ்வொரு வழியையும் விசாரித்தேன். இதே இக்கட்டில் நிற்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் கடைக்கால் தோண்ட ஆரம்பித்துவிட்டால் அந்த வாரமே நீதிமன்றம். அதற்கு முந்திய கட்டத்தில் இருக்கிறீர்கள் என்றால், வேறு எதையும் செய்யுமுன் இரண்டு வீடும் சேர்ந்து அளப்பது. எந்த வழியில் போனாலும் கடைசியில் பேசியதைப் பத்திரத்தில் ஏற்றுவது.

காலத்தை வீணாக்கும் வழிகள்

"நூலை அறுத்து எறி, சுவர் எழுப்பினால் கடப்பாரையால் தள்ளு" என்றார் மாமா. அவர் கோபம் எனக்கும் இருந்தது. ஆனால் அடுத்தவர் செலவில் எழுந்த சுவரை நாமாக இடித்தால், நிலம் யாருடையது என்ற கேள்வி பின்னால் போய்விடும். சொத்துக்குச் சேதம் விளைவித்தோம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவில் நம் மீதே புகார் வர வழி பிறக்கும். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது அதைக் கெடுத்துக்கொள்ளும் வேலை இது.

காவல் நிலையத்துக்கு எல்லை எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் கிடையாது. மிரட்டல், அடிதடி, அத்துமீறி உள்ளே நுழைதல் என்றால் கட்டாயம் போக வேண்டும். வெறும் எல்லைப் பிரச்சினை என்றால், 'இது சிவில் விவகாரம், நீதிமன்றத்தை அணுகவும்' என்று ஒரு ஹிம்பரஹ, அதாவது எழுத்துப் பதில், எழுதிக் கொடுப்பார்கள். அதற்கும் ஒரு பயன் உண்டு: இன்ன தேதியில் நாம் ஆட்சேபம் தெரிவித்தோம் என்பதற்கு அது சான்று.

மாநகராட்சி, கட்டட அனுமதிப்படி கட்டுகிறார்களா, சுற்றிலும் இடம் விட்டிருக்கிறார்களா என்பதைப் பார்க்கும். உரிமை யாருக்கு என்பதை அது தீர்ப்பதில்லை. காத்தாவில் 1,200 சதுர அடி என்று இருப்பதைத் தூக்கிக் காட்டுகிறவர்கள் நிறைய. காத்தா வரிக்கான பதிவேடு. அதை வைத்து ஓர் அங்குல மண்ணையும் நிலைநாட்ட முடியாது.

விட்டுக்கொடுத்துவிட்டால்?

சித்தி சொன்னது இது: "ஒரு முழம்கூட இல்லாத மண்ணுக்காகவா முகத்தை முறித்துக்கொள்வது?" இந்த வழியை நான் அலட்சியமாகப் பார்க்கவில்லை. நாற்பது வருடமாகத் தீபாவளிப் பலகாரம் போய் வரும் வீடு. அம்மாவுக்கு இரவில் மூச்சுத்திணறல் வந்தபோது ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தவர் அந்தத் தம்பிதான்.

ஆனால் வாயைத் திறக்காமல் விட்டுக்கொடுப்பதில் சட்டத்தின் கண்ணி ஒன்று இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 65ஆவது இனப்படி, நம் நிலத்தை இன்னொருவர் வெளிப்படையாக, நம் உரிமையை மறுத்து, தொடர்ந்து 12 ஆண்டு அனுபவித்தால் அதைத் திரும்பக் கேட்கும் உரிமை நமக்குப் போய்விடும். 27ஆம் பிரிவின்படி நம் உரிமையே அற்றுப்போகும். இப்படி அனுபவத்தால் வந்த உரிமையைத் தற்காப்புக்கு மட்டுமல்லாமல், தானே வழக்குப் போட்டு நிலைநாட்டவும் பயன்படுத்தலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இதற்கு மாற்று, எழுதிக் கொடுத்து விட்டுக்கொடுப்பது. அனுமதியின் பேரில் இருக்கும் அனுபவம் எத்தனை ஆண்டானாலும் எதிர் அனுபவமாக, அதாவது நம் உரிமையை மறுக்கும் அனுபவமாக, மாறாது. 'வேலிக்கு வடக்கே உள்ள இந்த ஓரடி இன்னாருடையது என்று இருவரும் ஒப்புக்கொள்கிறோம். செடி வைத்துக்கொள்ள அவர் அனுமதித்திருக்கிறார். கேட்கும்போது திருப்பி ஒப்படைக்கப்படும்' என்று மூன்று வரி, தேதி, இரண்டு கையெழுத்து, இரண்டு சாட்சி. பூச்செடிக்கும் கீரைப் பாத்திக்கும் இது போதும். தூணுக்கும் சுவருக்கும் போதாது. கான்கிரீட் ஊற்றிய இடத்தைக் கேட்டவுடன் திருப்பித் தருகிறவர் யார்?

இந்தப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு இரண்டு பக்கமும் பேசும் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் செம்பருத்தி வேலி நாற்பது ஆண்டுக்கு மேலாக அதே இடத்தில் நிற்கிறது. தம்பியின் பத்திரம் என்ன சொன்னாலும், வேலிவரைக்கும் எங்கள் அனுபவம்தான். வழக்கறிஞர் இதைச் சொன்ன அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

அளப்பது

இந்த இடத்தில்தான் நான் பொறுமையாக எழுத வேண்டும். ஏனென்றால் நாங்கள் நினைத்திருந்ததும் அவர்கள் நினைத்திருந்ததும் அளந்த அன்று ஒருசேரத் தவறாகிப் போனது.

பத்திரத்தில் அளவு இருக்கும், நான்கெல்லையும் இருக்கும். அப்பாவின் பத்திரம் கன்னடத்தில், கையெழுத்தில் எழுதியது. அதில் நான்கெல்லைக்கு 'செக்குபந்தி' என்று தலைப்பு. கிழக்கே தெரு, வடக்கே இன்னார் மனை என்ற நான்கு வரிகள். அளவும் எல்லையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் பொதுவாக எல்லைக்குத்தான் நீதிமன்றங்கள் முதலிடம் தருகின்றன. ஆகவே 'என் பத்திரத்தில் 30 அடி இருக்கிறது' என்பது மட்டும் யாரையும் காப்பாற்றாது.

யாரை வைத்து அளப்பது என்பது மனை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. 1976இல் வந்த பெங்களூரு வளர்ச்சிக் கழகமோ, அதற்கு முன் 1945இலிருந்து இருந்த நகர அபிவிருத்தி அறக்கட்டளை வாரியமோ போட்ட லேஅவுட் என்றால், ஒப்புதல் பெற்ற வரைபடத்தை எடுத்துக்கொண்டு அங்கே போகலாம். சர்வே எண்ணில் அடங்கிய நிலம் என்றால் அரசு அளவைத் துறையிடம் 'ஹத்துபஸ்து' கேட்டு விண்ணப்பிக்கலாம். அளவையர் வந்து எல்லையை உறுதிசெய்து கல் நடுவார். எங்களைப் போலத் தனியார் பிரித்து விற்ற மனைகளில் சிக்கல் கூடுதல். அரசு வரைபடம் மொத்தச் சர்வே எண்ணின் வெளி எல்லையைக் காட்டும். உள்ளே இருக்கும் மனைக்கும் மனைக்கும் நடுவிலுள்ள கோட்டை அது காட்டாது. அதனால் நாங்கள் உரிமம் பெற்ற தனியார் அளவையர் ஒருவரை வைத்தோம். கூலியை இரண்டு வீடும் பாதிப் பாதி கொடுத்தோம். 'அவர் உங்கள் ஆள்' என்று பின்னால் யாரும் சொல்ல முடியாமல் செய்தது அந்தப் பாதிப் பணம்தான். அளவையருக்குச் செலவழிக்கத் தயங்குகிறவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

அளவையர் வருமுன் நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். 30க்கு 40 மனையில் மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் சரியாக 50 அடி வர வேண்டும். கொத்தனார் மூலைமட்டம் பார்க்கும் 3, 4, 5 கணக்கின் பத்து மடங்கு அது. ஒரு குறுக்களவு கூடி மற்றது குறைந்தால் மனை கோணலாக இருக்கிறது என்று பொருள். அப்போது முன்பக்கம் எல்லை சரியாக இருந்தும் பின்பக்கம் அடுத்தவர் மண்ணுக்குள் போயிருக்கும். எங்களுக்கு ஒன்று 50 அடி 1 அங்குலம், இன்னொன்று 49 அடி 11 அங்குலம். இரண்டு அங்குல வித்தியாசம்தான்; சொல்லும்படியான கோணல் இல்லை என்று தெரிந்தது. நார் டேப் வேண்டாம், இரும்பு டேப்பைத் தரையோடு இழுத்துப் பிடியுங்கள். வேலிக்கு மேலே தொய்ய விட்டு அளந்ததில் ஒரே தூரம் எங்களுக்கு முக்கால் அங்குலம் மாறி வந்தது.

பின்மூலையில் பழைய சைட் கல் இருக்கும் என்று பெரியம்மா சொன்னார். ஓரடி ஆழத்தில் கிடைத்தது. செம்பருத்தி வேர் அதைச் சுற்றிப் பிடித்துச் சாய்த்திருந்தது. கல்லின் தலையிலிருந்து அளந்தால் ஒரு கணக்கு, அடியிலிருந்து அளந்தால் நான்கு அங்குலம் தள்ளி இன்னொரு கணக்கு. கல் கிடைத்தும் பயனில்லை.

அளவையர் டோட்டல் ஸ்டேஷன் கருவியை நட்டு, எங்கள் இரண்டு மனையை மட்டும் அளக்காமல், இரண்டு குறுக்குத் தெருவுக்கு நடுவிலுள்ள நான்கு மனையையும் சேர்த்து அளந்தார். காகிதத்தில் நான்கு முப்பது, 120 அடி. தரையில் இருந்தது 118 அடி 8 அங்குலம். 16 அங்குலம் அந்த வரிசையிலேயே இல்லை. இரண்டு ஓரத்து வீட்டுக்காரர்களும் எப்போதோ முழு முப்பதுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். எங்களிடம் 30 அடி. தம்பியிடம் 28 அடி 8 அங்குலம்.

"அக்கா, அப்படியானால் என் 16 அங்குலம் எங்கே போயிற்று?" என்று கேட்டார் தம்பி.

"மனையைப் பிரித்து விற்றவரே போடவில்லை தம்பி" என்றார் அளவையர், நான் வாய் திறக்குமுன்.

நாங்கள் திருடவில்லை என்று அவருக்கும், அவர் பறிக்க வரவில்லை என்று எங்களுக்கும் அந்த நிமிடத்தில் விளங்கியது. ஒரு வழக்கு இதே இடத்துக்கு வந்து சேர எத்தனை ஆண்டு ஆகியிருக்குமோ!

பேசி எழுதுவதா, சமரசமா, மக்கள் நீதிமன்றமா?

அளவு தெரிந்த பிறகு மூன்று மென்மையான வழிகள் எஞ்சின. இரண்டு வீட்டாரும் தாங்களே பேசி ஓர் எல்லை ஒப்பந்தம் எழுதுவது முதலாவது. செலவு குறைவு, உறவு நிலைக்கும். குறை என்னவென்றால், இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி அலமாரியில் வைத்தால் அது நம் காலத்தோடு போய்விடும். தம்பி நாளைக்கு ஒரு மாடியை விற்றால், வாங்குகிறவர் 'எனக்குத் தெரியாது' என்பார். அசையாச் சொத்தில் நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள உரிமை கைமாறினால் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி பதிவு கட்டாயம். பதிவு செய்துவிட்டால் வில்லங்கச் சான்றிதழிலேயே அது தெரியும். முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்கப் போய் இந்த இடத்தில் கோட்டைவிட்டவர்கள் ஏராளம்.

இரண்டாவது சமரசம். உயர் நீதிமன்றத்தின் முயற்சியில் 2007இல் தொடங்கிய பெங்களூரு சமரச மையம், நீதிமன்றங்கள் அனுப்பும் வழக்குகளை எடுத்துப் பேசவைக்கிறது. சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு தரப்பையும் சேர்த்தும் தனித்தனியாகவும் உட்காரவைத்துப் பேசுவார். முகம் பார்த்துப் பேசவே முடியாத அளவுக்குக் கசந்துபோன வீடுகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பேன்.

மூன்றாவது, 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் நடக்கும் மக்கள் நீதிமன்றம். வழக்குப் போடுமுன்பே இங்கே மனுக் கொடுக்கலாம். ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அந்த முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். ஏற்கெனவே வழக்கு இருந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். மேல்முறையீடு கிடையாது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். அளக்காமல் அங்கே போய், கூட்டத்தின் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மாற்ற வழி இல்லை. இன்னொன்று: பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இலவச சட்ட உதவி உண்டு. தனியாக வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும் எத்தனையோ அம்மாக்களுக்கு இது தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

நாங்கள் முதலாவதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. அளவைத் தாளை இருவருமே நம்பினோம். அந்த நம்பிக்கை இல்லாத வீடுகள் நேராக மூன்றாவதுக்குப் போவதே மேல்.

எப்போது வழக்கு?

எதிர்த்தரப்பு அளக்கவே சம்மதிக்கவில்லை, ஜேசிபி வந்துவிட்டது என்றால் பேச்சு, சமரசம் எல்லாம் நமக்கு எதிராகவே திரும்பும். ஹொரமாவில் எனக்குத் தெரிந்த ஒருவர், 'முதலில் கட்டி முடிக்கட்டும், பிறகு காட்டுகிறேன்' என்று காத்திருந்தார். கிருகப்பிரவேசம் முடிந்த பிறகு வழக்குப் போட்டார். கட்டி முடித்த சுவரை இடிக்க உத்தரவு வாங்குவது, கட்டும்போதே நிறுத்துவதைவிடப் பல மடங்கு கடினம். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவருக்கு நீதிமன்றம் எளிதில் இரங்காது. அவர் வழக்கு இன்னும் நடக்கிறது.

நகர உரிமையியல் நீதிமன்றத்தில், மேயோ ஹால் வளாகத்திலும் அதன் அமர்வுகள் உண்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆவது கட்டளைப்படி இடைக்காலத் தடை கேட்கலாம். 26ஆவது கட்டளையின் 9ஆம் விதிப்படி ஆணையர் ஒருவரை நியமித்து இடத்தை அளந்து அறிக்கை தரச் சொல்லலாம். எங்கள் வழக்கறிஞர் அழுத்திச் சொன்னது இது: உங்கள் உரிமையையே அவர் மறுக்கிறார் என்றால் வெறும் தடையாணை மட்டும் கேட்காதீர்கள், உரிமையை அறிவிக்கும்படியும் சேர்த்துக் கேளுங்கள், 2008இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துவிட்டது. ஏற்கெனவே பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவில், உரிமையை நிரூபிக்காமலே அனுபவத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு ஆறு மாதம்தான் கெடு.

எதிர்த்தரப்பு முந்திக்கொண்டு நமக்கெதிராகத் தடை வாங்கிவிடும் என்ற பயம் இருந்தால் கேவியட் மனு ஒன்று போட்டுவிடலாம். 90 நாளைக்கு நம்மைக் கேட்காமல் உத்தரவு வராது. நான் இதைச் செய்தேன். தம்பியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். அவருக்கு முகம் வாடியது உண்மை. ஆனாலும் மறைத்துச் செய்திருந்தால் அளக்கும் நாளில் அவர் என் பக்கத்தில் நின்றிருக்க மாட்டார்.

வழக்குப் போட்டிருந்தால் வேலியை அப்படியே காப்பாற்றியிருக்க எங்களுக்கு வாய்ப்பு அதிகம் என்பதையும் மறைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் இழுத்திருக்கும், அம்மாவுக்கு வயது 78.

எங்கள் வீட்டில் முடிந்த விதம்

குறைந்த 16 அங்குலத்தை நான்கு மனைக்கும் பங்கிட்டால் எங்கள் பங்கு 4 அங்குலம். எங்கள் இருவருக்குள் மட்டும் பங்கிட்டால் 8. நான் நான்கில் நின்றேன், தம்பி எட்டில் நின்றார். ஈசானிய மூலை வெட்டுப்படக் கூடாது என்று வாஸ்து பார்த்தவர் சொன்னதுதான் அவருடைய முழுக் கவலை என்று பெரியம்மா ஒருநாள் மாலை வந்து சொன்னார். அந்த மூலை நேராக வந்தால் போதுமாம். அதைக் கேட்ட பிறகு பேச்சு எளிதாகிவிட்டது. ஆறில் முடித்தோம். புதுக் கோட்டின் நடுவில் 6 அங்குல சாலிட் பிளாக் சுவர், பொதுச் சுவர், செலவு பாதிப் பாதி. அளவைத் தாளை இணைத்து ஒப்பந்தம் எழுதி, ஓரத்து வீட்டுக்காரர்கள் இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட, பதிவு செய்தோம். கிளைகள் பற்றியும் ஒரு வரி சேர்த்தோம்: தங்கள் பக்கம் நீளும் கிளையை அவரவர் பக்கத்தில் நின்று கழிக்கலாம், மரத்தை யாரும் தொடக் கூடாது. நகரத்தில் மரம் வெட்ட 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவைத்தோம்.

செம்பருத்தி போனது. அம்மா இருபது குச்சிகளை ஒடித்துத் தொட்டியில் ஊன்றிவைத்தார்.

பவழமல்லி சுவரிலிருந்து 7 அங்குலத்தில் நிற்கிறது. கடைக்கால் தோண்டினால் வேர் அறுந்துவிடும் என்று அம்மா மேஸ்திரியிடம் போய் நின்றார். அவர் குந்தி உட்கார்ந்து கையால் மண்ணைக் கிளறி, கட்டை விரல் தடிமனுள்ள வேர் மூன்று குறுக்கே ஓடுவதைப் பார்த்தார். அந்த நான்கடிக்கு மட்டும் தோண்ட வேண்டாம் என்று ஆட்களை நிறுத்தினார். இரண்டு பக்கமும் குட்டைத் தூண் எழுப்பி, பழைய வேலிக்குத் துணையாக நின்ற கருங்கல் பலகை ஒன்றை எடுத்து மேலே பாலம் போலப் படுக்கவைத்து, அதன் மேல் சுவரைக் கட்டினார். அடியில் ஒரு சாண் இடைவெளி. வேர்கள் அதன் வழியாகத் தம்பியின் பக்கம் போகின்றன.